நடு உத்திரம்

எனக்கு ஓர் அக்கா உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே, ஒன்பது வயதில், மூளைக்காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் வி.கே.புரத்தில் எங்கள் வீட்டில் எதுவும் அவளுக்குத்தான் முதலில். ரிப்பனா, வளையலா, கால் கிலோ அல்வாவா, அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் எனக்கு. இப்போது எனக்கு நாற்பது கடந்துவிட்டது, தலையில் பாதி நரை. இன்னமும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. செத்துப்போன பிள்ளையோடு உனக்கென்ன போட்டி என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் ஒரு வருஷம் வளர்ந்து பார்க்கட்டும்.

எங்கள் பக்கத்தில், கல்யாணத்துக்கு முன் இறந்துபோகிற பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டோடு வைத்துக் கும்பிடுவார்கள். பனைநார்ப் பெட்டி ஒன்றில் அவளுக்குப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சாந்துப்பொட்டு, சீப்பு எல்லாம் வைத்து மூடி, பெட்டியை உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள், எங்கள் வீட்டில் தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பெட்டியை இறக்கிப் பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத் துணி வைப்பார்கள். எடுத்த துணியை வீட்டில் இருக்கிற சிறுபெண்ணுக்கு உடுத்திவிட வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த சிறுபெண் நான்தான்.

அக்காவுக்கு எப்போதும் ஒன்பது வயசு. அதனால் துணியும் எப்போதும் ஒன்பது வயசுப் பிள்ளையின் அளவு. எனக்கு ஐந்து வயதில் அந்தப் பாவாடை தரையில் கூட்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் சுருட்டிச் சுருட்டிச் செருகிவிடுவாள் அம்மா. ஏழில் கணுக்காலுக்கு வந்தது. ஒன்பதில் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கு அம்மா பின்கொக்கியை மாட்டிவிட்டு, என்னைத் திருப்பி நிறுத்தி, பார்த்துக்கொண்டே இருந்தாள். எம்மா, எம்மா என்று நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மறுவருஷம் சட்டை கக்கத்தில் பிடித்தது. அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். நான் என் அக்காவைவிட மூத்தவளாகிவிட்டேன்.

வீடு தாத்தா காலத்தது. வயலெல்லாம் போய்விட்டது, மச்சு வீடு மட்டும் நின்றது. கீழே ஒரு பெரிய அறை. அதன் குறுக்கே தேக்கு உத்திரங்கள், உத்திரங்களின் மேல் காடி போட்டு ஒன்றோடொன்று கோத்த பலகைகள், பலகைக்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த தரை. அதுதான் மச்சு. அப்பா மில்லில் ஷிப்டு பார்த்தவர். அவர் போன பிறகு அம்மா அந்தப் பெரிய அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே நடு உத்திரம். அதில் கன்னிப் பெட்டி. தலையணையில் தலை வைத்தால் கண்ணில் படுவது அதுதான்.

நான் வண்ணார்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தேன். கட்டடங்களின் பலத்துக்குக் கணக்குப் போடுகிற இன்ஜினியர். கல்யாணம் ஒன்று ஆகி, நிலைக்காமல், அந்தக் கதை முடிந்துவிட்டது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, வீட்டைக் காலி செய்துகொண்டு அவளோடு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். மச்சில் நான், கீழே அவள். ஆனால் அந்த மச்சு, நடந்தாலே ஊஞ்சல் மாதிரி ஆடும். என் புத்தக அலமாரிகளையும் ஒரு குளியலறையையும் அது தாங்காது.

"இடிச்சுப் போட்டுட்டு வார்ப்புத் தளம் போட்டுருவமா?" என்றேன்.

"என்னையும் சேத்து இடிச்சுரு" என்றாள் அம்மா.

சரி, இடிக்க வேண்டாம். தேக்கு நல்ல தேக்கு. ஓர் இடத்திலும் செல் அரிக்கவில்லை. மேலே இருக்கிற சுண்ணாம்பைப் பெயர்த்து எடுத்துவிட்டு, பலகையின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, கம்பிவலை போட்டு, மூன்று அங்குலக் கனத்துக்கு கான்கிரீட் போடலாம். ஆனால் மரத்தின் மேல் கான்கிரீட்டைச் சும்மா போட்டால் அது வெறும் சுமைதான். இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நீளமான ஸ்குரூக்களைப் பலகை வழியாக உத்திரத்துக்குள் சாய்வாக இறக்கி, பாதியை மேலே நீட்டி விட்டு, அந்த நீட்டிய பாதி கான்கிரீட்டுக்குள் புதைகிற மாதிரி செய்ய வேண்டும். அப்போதுதான் மரமும் கான்கிரீட்டும் ஓர் உடம்பாக நின்று வேலை செய்யும்.

அம்மாவுக்குப் புரிய வைக்க இரண்டு நோட்டுப் புத்தகங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வளைத்துக் காட்டினேன். ஒன்று ஒரு பக்கம் நழுவியது, மற்றது மறு பக்கம். நான்கு கிளிப் மாட்டி வளைத்தேன். வளையவில்லை.

"பாரம் ஏறும்போது மேல உள்ள கான்கிரீட்டு அமுங்கும். கீழ உள்ள மரம் இழுபடும். நடுவுல இந்த ஸ்குரூ ரெண்டையும் விலக விடாமப் பிடிச்சுக்கிடும்."

"எல்லாம் சரிதான்" என்றாள். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஸ்குரூப் பெட்டிகள் வந்து இறங்கிய நாளில்தான் வினை. ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். அவள் சாண் நீளத்துக்கு இருந்தது.

"இது எங்கன போவும்?"

"உத்திரத்துக்குள்ள."

"எல்லா உத்திரத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

ஸ்குரூவைப் பெட்டியிலே வைத்துவிட்டு, நடு உத்திரத்தை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு புளியமரம் நிற்கிறது. பேய் பிடித்தவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், உச்சிமயிரில் ஒரு கற்றையை மரத்தோடு வைத்து ஆணி அடித்து, மயிரை அறுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். பேய் அதோடு மரத்தில் கட்டுப்பட்டுக் கிடக்கும், வீட்டுக்கு வராது. சின்ன வயதில் அந்த மரத்தடியில் துருப்பிடித்த ஆணிகளையும் அவற்றில் ஆடிக்கொண்டிருந்த மயிரையும் பார்த்துவிட்டு வந்து நான் காய்ச்சலில் படுத்திருக்கிறேன்.

"பேயைத்தானட்டி ஆணி வச்சு அறைவாவ?" என்றாள் அம்மா. "எம் பிள்ளை என்ன பேயா?"

"இது ஆணி இல்லம்மா, ஸ்குரூ."

"அடிச்சு உள்ள போனா என்ன, சுத்தி உள்ள போனா என்ன? அவ இருக்கப்பட்ட எடம்லா அது. ஆணிய இறக்கிட்டா அவ எப்படி வருவா, எப்படிப் போவா?"

"அப்பம் பெட்டிய வேற எடத்துக்கு மாத்திட்டுப் போவோம்."

"உன்னையும்தான் வேற வீட்டுக்கு மாத்துனேன். போன எடத்துல ஒழுங்கா இருந்தியாட்டி நீ?"

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் வாய் அப்படி. கையில் கிடைத்ததை எடுத்து எறிந்துவிடும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. செத்தவளுக்கு இடம் பார்க்கிறாய், உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு தரை கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறாய் என்று தெரு கேட்கக் கத்தினேன். நடு உத்திரத்தை விட்டால் இந்தத் தரையே வீண், உன் தலைக்கு மேல்தான் அது நிற்கிறது என்றும் சொன்னேன். அவள் போய் அரிசி களைந்தாள். மறுநாள் காலையில் காப்பியை நீட்டிக்கொண்டே, "உன் இஷ்டம்போல செய்யி" என்றாள். எனக்கே நம்ப முடியவில்லை.

வேலைக்கு வந்த ஆசாரி அம்பாசமுத்திரத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், அளந்து பேசுவார். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். உத்திரங்களுக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, துளை போட வேண்டிய இடங்களைச் சாக்பீசால் குறித்துக் கொடுத்தேன். முதல் நாள் பூராவும் கூடவே நின்று ஒவ்வொரு ஸ்குரூவும் இறங்குவதைப் பார்த்தேன். இரண்டாம் நாள் வள்ளியூரில் ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போக வேண்டியதாகிவிட்டது. மாலையில் திரும்பி வந்து மச்சில் ஏறினேன். நடு உத்திரம் உட்பட எல்லா வரிசையிலும் ஸ்குரூத் தலைகள் ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் நின்றன. குனிந்து கையால் ஆட்டிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கான்கிரீட் போட்ட அன்று அம்மா வேலைக்காரர்கள் எல்லாருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டாள். ஆசாரிக்கு மட்டும் கேட்காமலே இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினாள். அடிபட்ட இடுப்போடு அவள் அப்படி ஓடி ஓடிப் பரிமாறியதைப் பார்த்து, பாவம், வீடு புதுசாகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈரச் சாக்கு போட்டுத் தளத்தைப் பதப்படுத்தி, முட்டுகளைப் பிரித்து, நான் சாமான்களோடு வந்து சேர்ந்தபோது கார் பருவ மழை முடிந்திருந்தது. மச்சுத் தரையில் குதித்தாலும் ஆட்டமில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. ஆபீசில் எல்லாரிடமும் வீடியோ காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலை அடைப்பதற்காக எழுந்து அறையின் குறுக்கே நடந்தேன். நடு உத்திரத்தைத் தாண்டிக் காலை எடுத்து அடுத்த அடி வைப்பதற்குள், பின்னால் ஒரு காலடி கேட்டது. மெல்லியது. வெறுங்கால் குழந்தை ஒன்று நடந்தால் கேட்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். வெயில் தரையில் கிடந்தது, வேறொன்றும் இல்லை. மறுபடி நடந்தேன். மறுபடியும் எனக்குப் பின்னால் ஓர் அடி.

என்ன படித்து என்ன? ஜன்னலை அடைக்காமலே கீழே இறங்கிவிட்டேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததே இல்லை; எனக்காக அவள் அப்படிச் சிரித்ததும் இல்லை.

"ரெண்டு பேரும் மேல நடக்குதியளோ?" என்றாள்.

அதன் பிறகு அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். நான் ஆபீஸ் முடிந்து பஸ் ஏறி வந்து இறங்கியதும், "மேல போயிட்டு வாட்டி" என்பாள். சாமான் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. நான் நடக்க வேண்டும், அவள் கீழே இருந்து கேட்க வேண்டும். நான் மச்சில் நடந்தால் என் அடி, அதன் பின்னால் அக்காவின் அடி. நின்றால் அவளும் நிற்பாள். வேகமாகப் போனால் வேகமாக வருவாள். சுவரோரமாகவே ஒட்டி ஒட்டி நடக்கப் பழகிக்கொண்டேன். குளித்துவிட்டு ஈரக் காலோடு வரும்போது தரையில் என் தடத்தைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து வருவேன், பக்கத்தில் சின்னத் தடம் ஏதும் இருக்கிறதா என்று. வெட்கம்தான். ஆனால் பார்த்தேன்.

அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொரு நினைப்பும் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகச் சேர்த்துக் கட்டிய தளம் இப்படிச் சத்தம் போடாது. ஒரு சனிக்கிழமை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, கீழே எல்லா உத்திரங்களுக்கும் சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தேன். மற்ற உத்திரங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. நடு உத்திரம் மட்டும் வயிறு தள்ளியிருந்தது. ஏணி வைத்து ஏறி, அதற்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினேன். வெண்ணெயில் போவது போல உள்ளே போயிற்று. மேலே ஏறிப் புத்தக அலமாரியை நகர்த்தினேன். கான்கிரீட்டில் அதே நீளத்துக்கு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது.

காலடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. நான் மிதித்தால் தளம் இறங்கி உத்திரத்தில் உட்காருகிறது. காலை எடுத்தால் உத்திரம் ஒருமுறை துள்ளிப் பலகையைத் தட்டுகிறது. அதாவது நடு உத்திரம் கான்கிரீட்டோடு சேரவே இல்லை. அது தாங்க வேண்டிய பாரத்தை அந்த மெல்லிய தளம் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறது, என் அலமாரிகளோடும் என்னோடும், அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே. இன்றைக்கே விழாது. ஆனால் விரிசல் விட்ட தளம் இன்னும் எவ்வளவு நாள் நிற்கும் என்று எந்தக் கணக்கும் எனக்குச் சொல்லாது.

ஆசாரியைப் போனில் பிடித்து உடனே வரச் சொன்னேன். வந்தார். மச்சில் நிறுத்தி, நடந்து காட்டினேன். சத்தத்தைக் கேட்டதும் செருப்பில்லாத தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நடு உத்திரத்துல என்ன செஞ்சிய?"

"ஸ்குரூ போட்டேன்லா."

"எவ்வளவு நீளம்?"

குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"கேக்கேன்லா, எவ்வளவு நீளம்?"

"பலகை கனத்துக்கு" என்றார். "உத்திரத்தைத் தொடலம்மா. நீங்க வள்ளியூர் போயிருந்த அன்னைக்கி உங்க அம்மா என் முன்னால வந்து கை எடுத்துக் கும்பிட்டாவ. எம் பிள்ளைய அறைஞ்சு போட்டுராதீய அண்ணாச்சின்னு. எங்க வீட்டுலயும் கன்னி உண்டும்மா. எங்க அத்தை. நான் எப்படி அதுல போய் ஆணிய இறக்க?"

நீளமான ஸ்குரூவுக்குப் பதில் குட்டை ஸ்குரூ. தலை மட்டும் அதே உயரத்துக்கு, அதே சாய்வுக்கு நிற்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். கான்கிரீட் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பலகை உத்திரத்தின் மேல் சும்மா கிடந்தது. ஒரு மனுஷன் பக்தியோடு செய்த வேலை. "அங்க கீழ படுத்துக் கெடக்கது உயிரோட உள்ள பொம்பளை, அது உங்களுக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கீழே இறங்கினேன். அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள், அடிக்கப் போகிறவளைப் பார்க்கிற மாதிரி. நான் பேசாமல் இருந்திருக்கலாம். எங்கே முடிகிறது?

"உனக்கு நானும் செத்தாத்தான் பிள்ளையாத் தெரிவேனா?" என்றேன். "அவ உடுத்துப் போட்டதை உடுத்துனேன். அவளுக்குப் படைச்சது ஆறுனபொறவு தின்னேன். ஒருநாளாவது என்னைய மட்டும் பாத்துருக்கியாம்மா? இப்பம் நான் நடக்க தரையக் கூட அவளுக்குக் குடுத்துட்டியே."

சொல்லிவிட்டு நானே அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. ரொம்ப நேரம் கழித்து, ஆசாரி போன பிறகு, அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அது விழுந்தா யாரு மேல விழும்?"

"உன் மேலதான். வேற யாரு மேல?"

"அது கெடக்கு, நான் இருந்து என்ன செய்யப் போறேன். நீ?"

"நான் மேலதான இருக்கேன். நானும் சேந்துதான் விழுவேன்."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரைக்கும் அந்தப் பக்கம் அவள் யோசித்தே இருக்கவில்லை. தரை இடிந்தால் தன் தலையில் விழும் என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும். நான் கத்தியது காதில் விழாமல் இல்லை. மூத்தவளுக்காக அதை ஏற்றுக்கொண்டுதான் அந்தக் கட்டிலில் தினமும் படுத்திருந்திருக்கிறாள். சாகத் துணிந்தவளிடம் சாவைச் சொல்லி நான் பயம்காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் முழுவதும் அவள் பெட்டிக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் தலையை வாரி முடிந்துகொண்டு, "கூப்பிடு அந்த ஆசாரிய" என்றாள்.

இப்போது மேலிருந்து எதுவும் செய்ய முடியாது. கீழிருந்துதான் போக வேண்டும். ஜாக்கி வைத்து நடு உத்திரத்தைப் பைய உயர்த்திப் பலகையோடு ஒட்ட வைத்து, உத்திரத்தின் வயிற்றிலிருந்து பலகையைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் போகிற மாதிரி சாய்வாகத் துளை போட்டு, அதில் பசையைச் செலுத்தி மரை போட்ட கம்பியை ஏற்றி, அடியில் வாஷர் வைத்து நட்டு முடுக்க வேண்டும். முதலில் செய்திருந்தால் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. இப்போது அத்தனை நட்டும் அம்மா படுத்துக்கொண்டு பார்க்கிற இடத்தில் வரிசையாகத் தெரியும். அதையும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

கயிற்றைத் தளர்த்திப் பெட்டியை அவளே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆசாரி டிரில்லை எடுத்தார். எடுத்தவர் அம்மா மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அதைத் தாழ்த்தினார். "குடுங்க இங்கன" என்று வாங்கிக்கொண்டு நான் ஏணியில் ஏறினேன்.

"செத்த இரு" என்றாள் அம்மா.

பெட்டியை மடியில் அணைத்தபடி குனிந்து, அதனிடம் பேசினாள். ஒன்பது வயசுப் பிள்ளையை ஊசி போடக் கூட்டிப் போகும்போது பேசுகிற குரல் அது.

"ஏட்டி, கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்க. உன்னையக் கட்டிப் போடுததுக்கு இல்ல, கேட்டியா? தங்கச்சி மேல இருக்கா. அவளுக்கு உன்னைய விட்டா ஆரு இருக்கா? நீ கீழ இருந்து கெட்டியாப் பிடிச்சுக்க. விட்டுராத. என்னைய நான் பாத்துக்கிடுதேன், நீ அவளைப் பிடிச்சுக்க."

ஏணியின் மேல் நின்றபடி எனக்கு டிரில்லின் விசை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஒருவழியாக அழுத்தினேன். தேக்குத் தூள் என் முகத்திலும் அவள் தலையிலும் கொட்டியது. நூறு வருஷத்து மரம், உள்ளே அப்படி ஒரு வாசனை. முதல் கம்பியை நான் ஏற்றினேன். மிச்சத்தை ஆசாரி ஏற்றினார். எல்லாம் முடிந்து நட்டுகளை முடுக்கிய பிறகு, அம்மா சந்தனம் குழைத்துக் கொண்டுவந்து, தனக்கு ஏணி ஏற முடியாது என்பதால் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பேயை அறைந்த ஆணிக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை.

பெட்டி பழைய இடத்திலேயே ஏறியது. பசை இறுக விட்டுவிட்டு, ஜாக்கியை எடுத்து, நூலைக் கட்டிப் பார்த்தேன். நேராக நின்றது. அன்று மத்தியானம் அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "போயி நடந்து பாரு" என்றாள்.

மேலே போனேன். சுவரிலிருந்து சுவருக்கு நடந்தேன். நடு உத்திரத்தைத் தாண்டினேன். என் காலடி மட்டும்தான். திரும்பி நடந்தேன். நின்று, காலைத் தூக்கி, காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஓர் இன்ஜினியருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

"நடக்குதியா?" என்றாள் அம்மா கீழிருந்து.

"நடக்குதேன்."

"ஒண்ணும் கேக்கலையே."

"இனிம கேக்காதும்மா."

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த அறை அவ்வளவு பெரியது என்று அப்போதுதான் பட்டது. நடு உத்திரத்தின் மேல் வந்து நின்று, காலைத் தூக்கி ஓங்கி மிதித்தேன். பிறகு குதித்தேன். தளம் பாறை மாதிரி இருந்தது. இன்னும் பலமாகக் குதித்தேன், குதிகால் வலிக்க வலிக்க. ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு அடி, சின்னதாக, வெறுங்காலால் வைத்தால் போதும். "அக்கா" என்று கூப்பிட்டேன். வாழ்நாளில் அவளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"போதும்ட்டி" என்றாள் கீழிருந்து. "அவ எப்படி வருவா? கையை எடுக்க முடியாதுல்லா. உன்னையப் பிடிச்சிட்டு நிக்கா."

நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.